நாட்காட்டி தின்ற பேட்டரி

போனின் பேட்டரியை எது தின்கிறது என்று தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பதிலை முன்பே கையில் வைத்திருப்பார்கள். மிருதுளா வைத்திருந்த பதிலின் பெயர் நித்திலன். பொள்ளாச்சிக்காரன். தென்னை நார் இயந்திரங்கள் செய்யும் பட்டறைக்குச் சொந்தக்காரன். தை மாதம் அவளுக்குத் தாலி கட்டப் போகிறவன்.

பெரியவர்கள் உறுதிவார்த்தை பேசி முடித்த நாளிலிருந்தே அவளுடைய போன் மதியத்தைத் தாண்டுவதில்லை. காலையில் முழுதாக ஏற்றிக்கொண்டுதான் கிளம்புவாள். கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் திரை கறுத்துவிடும். பையிலிருந்து எடுத்தால் தோசைக்கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். பம்புகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்று சோதித்துச் சொல்வதுதான் அவள் வேலை. அதனால் ஒன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பொருள் சும்மா சுடாது. சுடுகிறது என்றால் உள்ளே எதுவோ உழைக்கிறது. யார் உழைக்கச் சொன்னது என்பதுதான் கேள்வி.

சோதனைக் கூடத்து மேசையில் போனைச் சார்ஜில் போட்டு உயிர்ப்பித்த மறுநிமிடமே அது அடித்தது.

"ஏனுங்க, போனை அணைச்சு வெக்கறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டு அணைச்சு வைங்க" என்றான் நித்திலன்.

"நான் அணைக்கலீங்க. அதுவே செத்துப் போயிருது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதான என்ற போன்ல எதையோ ஏத்தி விட்டிருக்கீங்க. நான் எங்க போறேன், யாருகிட்டப் பேசறேன்னு பாக்கறதுக்கு."

மறுமுனையில் லேத் ஓடும் சத்தத்தையும் மீறி அவன் குரல் உயர்ந்தது. "நானா? என்ற போனே மத்தியானத்துக்குள்ள படுத்துக்குது. பட்டறைல அத்தனை பேரும் சிரிக்கறாங்க. நீங்கதான் எதையோ பண்ணி வெச்சிருக்கீங்கன்னு நான் கேக்கலாம்னு இருந்தேன். மோட்டார் படிச்சவிகளுக்கு இதென்ன பெரிய வேலையா?"

"அப்ப ரெண்டு போனையும் ஒரே மேசைல வெச்சுப் பாத்துப்புடலாம். யாரு கள்ளன்னு தெரிஞ்சு போகட்டும்."

"பாத்துப்புடலாம்."

"முழுசா சார்ஜ் போட்டுட்டு வாங்க."

"அதையும் நீங்க சொல்லித்தான் நான் செய்யோணுமா?"

அவர்கள் இருவரும் பேசிய எந்தப் பேச்சும் இதைவிட நன்றாக முடிந்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றே தொடங்கியது அது. கேசரித் தட்டு கைக்கு வருமுன் அவன் காதைத் தீட்டிக்கொண்டு, "உங்க வீட்டு மோட்டார்ல பேரிங் போயிருச்சுங்க" என்றான். "பேரிங் இல்லீங்க, அலைன்மென்ட்" என்றாள் மிருதுளா. மோட்டாரின் தண்டும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் அப்படித்தான் உறுமும். அவன் விடவில்லை. யாரையும் கேட்காமல் ஸ்பேனர் தேடினான். அவள் குறுக்கே போய் நின்றாள். வந்திருந்த உறவுக்கார ஒறம்பரைகளெல்லாம் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள்.

இரண்டு ஊருக்கும் நடுவில் கிணத்துக்கடவில் ஒரு பேக்கரி. இரண்டு டீயும் இரண்டு தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மிருதுளா பையிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு மீட்டர்களை எடுத்து, சார்ஜர் ஒயருக்கும் போனுக்கும் நடுவே ஆளுக்கொன்றாகச் செருகினாள்.

"இதென்னத்துக்கு?"

"பேட்டரியை மாடித் தண்ணித் தொட்டின்னு வெச்சுக்குங்க. தொட்டி ரொம்பியிருக்குது. இப்ப உள்ள எவ்வளவு தண்ணி வருதோ, அவ்வளவுதான் வெளியேயும் போகுதுன்னு அர்த்தம். மீட்டர்ல அந்த அளவு தெரியும். எந்தக் குழாய் தொறந்திருக்குன்னு ஒவ்வொண்ணா மூடிப் பாக்கோணும்."

"நானும் பாத்தேனுங்க. வெளிச்சத்தைக் கொறைச்சேன், வேண்டாத ஆப்பையெல்லாம் தூக்கினேன்."

"பாத்தீங்க. அளந்தீங்களா?"

அவன் பன்னைக் கடித்துக்கொண்டு முறைத்தான்.

திரையை அணைத்தார்கள். பெரிதாகக் குறையவில்லை. இடம் காட்டும் வசதியை நிறுத்தினார்கள். அப்போதும் இல்லை. அவள் எதை மூடினாலும் எண் கொஞ்சம் ஏறுவதும் தணிவதுமாகவே இருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை முதலில் கவனித்தவன் நித்திலன். கையில் டீ கிளாஸ் அந்தரத்தில் நின்றது.

"ஏனுங்க, உங்களுது ஏறி எறங்குதா? எறங்கின உடனே என்னுது ஏறுது. என்னுது எறங்கினா உங்களுது."

மிருதுளா குனிந்து பார்த்தாள். ஆமாம். ஒன்று பாடுபட்டு ஓய்ந்ததும் மற்றது பாடுபட்டது. அவனுடைய போனை வெளியுலகத் தொடர்பிலிருந்து துண்டித்தாள். இவளுடையது ஒரே ஒரு முறை ஏறி, அப்படியே அடங்கி, காத்திருந்தது. திரும்ப இணைத்ததும் பழையபடி மாற்றி மாற்றித் தொடங்கியது.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது" என்றாள் மெதுவாக.

இரண்டு போனிலும் அதிகம் தின்றது எது என்று தேடினார்கள். கிடைத்த பெயரைப் பார்த்து இருவருக்குமே ஏமாற்றம். நாட்காட்டி. நல்ல நேரமும் ராகு காலமும் சொல்லும் சாதாரண நாட்காட்டி.

"எங்கம்மா போட்டுக் குடுத்தாங்க. முகூர்த்தம் பாக்கறதுக்குன்னு" என்றாள் அவள்.

"எங்க பெரியம்மாவும் அதேதான் சொன்னாங்க."

மிருதுளா நாட்காட்டியைத் திறந்து, வேஷம் போட்ட ஆப்களைப் பற்றி யாரோ சொல்லியிருந்த வழியில், அன்றைய தேதியின்மீது கட்டைவிரலை அழுத்திப் பிடித்தாள். தேதி மறைந்தது. அதன் அடியிலிருந்து வேறொரு பெயர் எழுந்து வந்தது. நூறாண்டு.

நூறாண்டைப் பற்றி அந்தக் காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஜாதகம் பொருந்திய பிறகு ஓட்டம் பார்ப்பது என்பது எல்லாக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டிருந்தது. ஓர் ஆள் பல வருடங்களாகப் போனில் பேசியது, எழுதியது, அழித்தது எல்லாவற்றையும் படித்து, அந்த ஆளைப் போலவே பதில் சொல்லும் ஒரு நகலை அது செய்துகொள்ளும். பெண்ணின் நகல் பெண்ணின் போனில். மாப்பிள்ளையின் நகல் அவன் போனில். யாருடைய ரகசியமும் யாருடைய போனையும் விட்டு வெளியே போகக்கூடாது என்று சட்டம் இருந்ததால் இந்த ஏற்பாடு. இரண்டு நகல்களையும் ஒரு வீட்டில் குடிவைத்ததுபோல் பேசவிட்டு, நாற்பது வருடக் கல்யாண வாழ்க்கையை வேகமாக ஓட்டிப் பார்க்கும். முடிந்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். பிள்ளைகளிடம் கேட்காமல் ஓட்ட நினைக்கும் பெற்றோருக்கென்று நாட்காட்டி வேஷமும் அதில் உண்டு.

பெரும்பாலான ஓட்டங்கள் ஒரு நாளில் முடிந்துவிடும்.

திரையில் இருந்தது இதுதான்: "ஓட்டம் 1. நித்திலன், பொள்ளாச்சி. ஆண்டு 23. தொடர்கிறது."

"இன்னுமா ஓடுது?" என்றான் அவன்.

பெற்றோருக்கு மதிப்பெண் மட்டும்தான் தெரியும். ஆனால் நகலுக்கு உரியவரின் கட்டைவிரல் பட்டால் பேச்சையே கேட்கலாம். மிருதுளா அழுத்தினாள். அவள் குரல் வந்தது. அவனை ஒருமையில் அழைக்கிற அளவுக்கு வயதான குரல்.

"இருவத்திமூணு வருசமாச் சொல்றேன், அது பேரிங் இல்ல."

"அப்பறம் ஏன் மாத்தினதும் சத்தம் நின்னுச்சு?" இது அவன் குரல்.

"மாத்தறப்ப நீ கழட்டி நேரா வெச்சுப் பூட்டினே. அதனால நின்னுச்சு."

"சரி, நீ சொல்றதும் ஒரு வகைல சரிதான், ஆனா..."

நித்திலன் சிரித்தேவிட்டான். மிருதுளாவுக்கும் உதடு துடித்தது. அந்தச் சிரிப்பு ஒரு நிமிடம் நீடித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அவள் விரல் திரையில் வழுக்கியது. கீழே இன்னொரு வரி மேலே வந்தது.

"ஓட்டம் 2. பிரணவ், அவினாசி. முடிந்தது. மதிப்பெண் 94."

நித்திலன் அதைப் படித்தான். நிதானமாக இன்னொரு முறையும் படித்தான்.

"ஓ. பின்னாடி ஒரு ஆளை ரெடியா வெச்சிட்டுத்தான் என்னைக் கள்ளன்னீங்களா?"

"எனக்கு இது தெரியாதுங்க."

"உங்க போனு, உங்க கட்டைவெரலு. உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாது. உங்ககிட்ட நான் எதுக்குச் சத்தியம் பண்ணோணும்?"

"பண்ண வேண்டாமுங்க. தொண்ணூத்திநாலு! நல்லா இருங்க. எங்க வீட்ல நானே சொல்லிக்கறேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு."

"நான் எங்க வீட்ல சொல்றேன். நீங்க முந்திக்க வேண்டியதில்ல."

எழுந்து போகும்போது கல்லாப் பக்கமிருந்து திரும்பிச் சொன்னான். "டீக்கு நானே குடுத்துட்டேன். அதுக்கும் சண்டைக்கு வந்துராதீங்க."

வீட்டுக்குள் நுழையும்போதே மிருதுளா செருப்பை மூலைக்கு எறிந்தாள். கூடத்தில் அம்மா கோகிலவாணி கல்யாணப் புடவைகளைப் பரப்பி வைத்திருந்தாள். ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா சாருமதி புடவை எடுக்க வந்தவள், ஓரமாக உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா செந்தில்நாதன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"நாட்காட்டின்னு சொல்லி என்ற போன்ல என்னத்தைங்கம்மா ஏத்தி விட்டீங்க?"

அம்மா அசரவில்லை. "தெரிஞ்சுதா? நல்லது. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஒருத்தனுக்கு உறுதி குடுத்துட்டு இன்னொருத்தனோட ஓட்டிப் பாக்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா?"

"ஏண்டி வெக்கம்? அந்தப் பொள்ளாச்சி ஓட்டம் முடியவே மாட்டேங்குது. போனு அடுப்பாட்டம் கொதிக்குது. இப்பவே இப்படின்னா நாளைக்குக் குடும்பம் என்னத்துக்காகும்? வெள்ளிக்கிழமைக்குள்ள முடியலைன்னா நிறுத்திப் போடலாம்னு உங்கப்பாவும் நானும் பேசி வெச்சிருக்கோம். அவினாசிப் பையனோடது ஒரே மத்தியானம். சத்தமில்லாமப் பொட்டாட்ட முடிஞ்சுது. போனு சுடக்கூட இல்ல. உங்கக்காவுக்கும் அப்படித்தான முடிஞ்சுது? தொண்ணூத்தாறு! இன்னிக்கு வரைக்கும் ஒரு சத்தம் உண்டா அந்த வீட்ல?"

"அம்மா சொல்றது சரிதான்" என்றாள் சாருமதி, புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அவ போனைப் பாரு" என்றாள் அம்மா. "மூணு நாளைக்கொருக்காத்தான் சார்ஜே போடறா. அப்படி ஒரு அடக்கம்."

மிருதுளாவுக்கு நித்திலன் கல்லாப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. பற்றிக்கொண்டு வந்தது. "சரி, அவினாசியே இருக்கட்டும். எனக்கென்ன? அந்தப் பொள்ளாச்சிக்காரனை வேண்டாம்னு நானும் சொல்லியாச்சு."

அம்மா முகம் மலர்ந்தது. அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அவளுக்குக் கோபம் தணிந்தது; குடைச்சல் தொடங்கியது. அது தொழில் குடைச்சல். அதே போன். அதே நாற்பது வருடம். ஓர் ஓட்டத்துக்கு இத்தனை பேட்டரி, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. ஏன்?

சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. மின்சாரம் குறைவாக இழுக்கும் பம்பைப் பார்த்ததும் நல்ல பம்ப் என்று முத்திரை குத்தப் போய்விடுவார்கள். அது நல்ல பம்பாக இருக்கலாம். கிணற்றில் தண்ணீரே இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும் பம்பாகவும் இருக்கலாம். தூக்குவதற்குத் தண்ணீர் இல்லாதபோது மோட்டாருக்கு வேலை இல்லை. அதனால் மீட்டர் ஏறாது. குழாயின் மறுமுனைக்குப் போய்ப் பார்க்காமல் முத்திரை குத்தக்கூடாது.

மிருதுளா இரண்டாவது ஓட்டத்தைத் திறந்து, குழாயின் மறுமுனைக்குப் போனாள்.

பிரணவின் நகல் கெட்டவனாக இல்லை. ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. முதலாண்டில் அவளுடைய நகல் வழக்கம்போல் வாயாடியது. வேலையை விடமாட்டேன் என்றது. வீட்டு மோட்டாரைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. எல்லாவற்றுக்கும் அவன் அன்பாக ஒரே பதிலைச் சொன்னான்: "அதை நான் பாத்துக்கறேன். உனக்கெதுக்கு அந்தக் கவலை?" இரண்டாம் ஆண்டில் அவளுடைய நகல் இரண்டு முறைதான் வாதாடியது. மூன்றாம் ஆண்டில் ஒரு முறை. நான்காம் ஆண்டில் அது சொன்னது ஒரே சொல்: "சரிங்க."

அதற்குப் பிறகு குரல் இல்லை. திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. "பேச்சு நிகழவில்லை. ஆண்டு 40 வரை தாண்டப்பட்டது. சச்சரவு: இல்லை."

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. சாருமதி மடித்த புடவைகளோடு பின்னால் நின்றிருந்தாள்.

"என்னடி அது, தாண்டப்பட்டது?"

மிருதுளா விளக்கினாள். அவளுக்கு விளக்காமல் இருக்க முடியாது. "ஒரு நகல் பேசினா இன்னொண்ணு யோசிச்சுப் பதில் சொல்லோணும் அக்கா. அந்த யோசனைக்குத்தான் பேட்டரி செலவு. ரெண்டும் பேசாம இருந்தா யோசனை இல்ல. சும்மா இருக்கற வருசத்தை எதுக்கு ஓட்டோணும்னு, பேட்டரியை மிச்சம் பண்ண அதைத் தாண்டிப் போற மாதிரி எழுதியிருக்காங்க. எழுதினவன் கெட்டவன் இல்ல. சிக்கனமா எழுதியிருக்கான். ஆனா பாரு, சண்டை இல்லைன்னா மார்க்கு ஏறுது. பேச்சே இல்லைன்னா சண்டையும் இல்ல."

சாருமதி புடவைகளைக் கட்டிலில் வைத்தாள். தன்னுடைய போனை எடுத்து நீட்டினாள். "என்ற போன்ல பழைய ஓட்டம் இன்னும் இருக்கும். தொறக்கறதெப்படி?"

"வேண்டாம் அக்கா."

"சொல்லுடி."

தேதியின்மீது விரலை வைத்து அழுத்தச் சொன்னாள். சாருமதி அழுத்தினாள். கல்யாணத்துக்கு முந்தைய சாருமதியின் குரல் அறையில் ஒலித்தது. அந்தக் குரலை மிருதுளாவும் மறந்திருந்தாள். படபடவென்று பேசுகிற, இடையிடையே சிரிக்கிற குரல். போகப் போகச் சிரிப்பு நின்றது. கடைசியில் அக்காவின் கணவர் குரல், "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றது. "ஒண்ணுமில்லீங்க" என்றது நகல். அவ்வளவுதான். தாண்டப்பட்டது.

"எந்த வருசம்னு போட்டிருக்குது?" என்றாள் சாருமதி.

"ரெண்டு."

சாருமதி திரையை அணைத்தாள். "பரவால்ல" என்றாள். "நெசத்துல நான் மூணு வருசம் தாக்குப் பிடிச்சேன்."

போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டாள்.

மிருதுளா கூடத்துக்கு வந்து டிவியை அணைத்தாள். வெள்ளிக்கிழமை யாரும் எதையும் நிறுத்தக்கூடாது என்றாள். அவினாசி வேண்டாம் என்றாள். அம்மா கத்தினாள். "கொஞ்ச நேரம் முன்னாடிதான சரின்ன? காலம்பூரா அந்தப் பொள்ளாச்சிக்காரனோட மல்லுக்கட்டறதா வாழ்க்கை?"

"எனக்குத் தெரியலீங்கம்மா. அவனைக் கட்டிக்கறேன்னு நான் இன்னும் சொல்லல. ஆனா இருவத்திமூணு வருசம் கழிச்சும் அங்க ரெண்டு பேரு இருக்காங்க. அவினாசில ஒருத்தருதான் இருக்காரு. நான் இல்ல."

"வாயைக் குடுத்தா விடமாட்டா" என்று அம்மா அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா முதல் முறையாக வாயைத் திறந்து, "அவளை விடு" என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அங்கே இன்னொரு சண்டை தொடங்கியது.

அறைக்குத் திரும்பி, போனைச் சார்ஜில் செருகிவிட்டு, நித்திலனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்ததும், "என்னங்க, அவினாசியைக் கூப்பிடறதுக்குப் பதிலா மாத்திக் கூப்பிட்டுட்டீங்களா?" என்றான்.

"வாயை மூடிட்டு ஒரு நிமிசம் கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். தாண்டப்பட்ட வருடங்களையும், வறண்ட கிணற்றுப் பம்பையும், அக்காவையும். அவன் இடையில் பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை. முடித்ததும் சொன்னான்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? எங்கப்பாவும் அம்மாவும் நாளெல்லாம் பேசிக்கறதே இல்ல. பொழுதோட தோட்டத்து வரப்புல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருப்பாங்க. அது சந்தோசந்தான். எனக்குத் தெரியும். உங்க மிசினு அதையும் இதையும் ஒண்ணாத்தான எடுத்துக்கும்?"

அதில் நியாயம் இருந்தது. அது மிருதுளாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆமாங்க. அதுக்கு வித்தியாசம் தெரியாது. அதனாலதான் அதுகிட்டக் கேக்கக் கூடாதுங்கறேன். நாமளே பேசிக்குவோம். தைக்கு முன்னாடி ஒத்து வரலைன்னா நாமளே வேண்டாம்னு சொல்லிக்குவோம்."

"அப்ப அந்த ஓட்டத்தை நிறுத்திப் போடலாமா?"

"ஓடட்டும். யாரு செயிக்கறான்னு பாக்கோணும்."

"பேரிங்தான் செயிக்கும்."

"உங்களுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதா? அலைன்மென்ட்!"

பக்கத்து அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு குரல் எழுந்தது. முதலில் மிருதுளாவுக்கு அது சாருமதியின் போனில் ஓடும் பழைய நகல் என்றுதான் தோன்றியது. இல்லை. "இல்லீங்க, நான் பேசி முடிக்கற வரைக்கும் நீங்க பேசாதீங்க" என்று அந்தக் குரல் ஈரோட்டிலிருந்த கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கூடத்தில் அம்மாவும் அப்பாவும் தங்கள் சண்டையை நிறுத்திவிட்டார்கள். அந்தக் குரல் நிற்கவில்லை. அழுதது, ஏறியது, எதையோ பட்டியல் போட்டது, மறுபடி ஏறியது. மறுமுனையில் என்ன பதில் வந்தது, பதில் வந்ததா என்பதெல்லாம் யாருக்கும் கேட்கவில்லை.

மிருதுளாவும் நித்திலனும் மோட்டாரிலிருந்து ஸ்பேனருக்கும் ஸ்பேனரிலிருந்து கல்யாண மண்டபத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தபோது கதவு படாரென்று திறந்தது. சாருமதி நின்றாள். கண் சிவந்து, மூச்சு வாங்கி, கலைந்த தலையோடு. அவள் கையிலிருந்த போனின் திரை மங்கி, சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது.

"சார்ஜர் எங்கடி?" என்றாள்.

மிருதுளா தன்னுடைய போனிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கொடுத்தாள். சாருமதி அதை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிப் போனாள். நித்திலன் மண்டபத்தைப் பற்றி என்னவோ சொல்ல வாயெடுத்தபோது, மிருதுளாவின் போன் கையில் சுட்டுக்கொண்டே அணைந்தது.

காலையில் அதற்கும் ஒரு சண்டை இருக்கும்.